ஆஸ்பத்திரியின் சக்கரங்கள்

ஆம்புலன்ஸிலிருந்து இறக்கப்படும் நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவுக்கும், அங்கிருந்து எக்ஸ்ரே அறைக்கும், பிறகு லிஃப்டின் வழியாக மேல்மாடியிலுள்ள ஆபரேஷன் தியேட்டருக்கும், கடைசியாக வார்டில் தமக்கென ஒதுக்கப்பட்ட கட்டிலுக்கும் போய்ச் சேரும் வரையில் தரையில் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை. அவருடைய பிரயாணம் முழுவதும் சக்கரங்களின் மேலேயே நடைபெறுகிறது. அவரைச் சுமக்கும் ஸ்ட்ரெச்சர் மாத்திரமல்ல, குளுக்கோஸ் பாட்டிலைத் தாங்கி உடன்வரும் ஸ்டாண்டு, மயக்க மருந்து கொடுக்கும் யந்திரம், ஆக்ஸிஜன் சிலிண்டர், பஞ்சும் பேண்டேஜும் கத்தரியும் வைத்த டிராலி, சாப்பாட்டு வண்டி, அழுக்குத் துணி வண்டி ஆகிய யாவுமே உருண்டுதான் சஞ்சரிக்கின்றன. நூறு படுக்கைகள் உள்ள ஒரு சாதாரண ஆஸ்பத்திரியில், கட்டிலுக்கு நான்கு, பக்கத்திலுள்ள சிறு அலமாரிக்கு நான்கு, குளுக்கோஸ் ஸ்டாண்டுக்கு ஐந்து என்று பெருக்கிப் பார்த்தாலே 1,300 சக்கரங்கள் ஆகின்றன. மற்றச் சாமான்களுடையவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

இத்தனை சக்கரங்களுக்கும் பொறுப்பாளி யார் என்று விசாரித்தால் திட்டமான விடை கிடைப்பது அரிது. இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரையும் மூச்சைத் தாங்கும் வென்டிலேட்டரையும் பரிசோதிப்பதற்கு அதற்கெனப் பயின்ற பொறியாளர் இருக்கிறார். குழாயோ விளக்கோ கெட்டுப்போனால் பராமரிப்புப் பிரிவினர் வந்து பார்க்கிறார்கள். தரையைத் துடைக்கத் துப்புரவுச் சிப்பந்திகள் உண்டு. யந்திரத்துக்கும் தரைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட சக்கரமோ, யந்திரத்தின் அங்கமாகப் பொறியாளருக்கும் தோன்றாமல், தரையைச் சேர்ந்ததாகத் துப்புரவுக்காரருக்கும் தோன்றாமல், ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுவரில் போய் மோதுகிற நாள் வரையில் எவர் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. இதைப் பேணுவது வைத்தியத்துக்குப் புறம்பான வெறும் பட்டறை வேலை என்று கருதுவது பெருந்தவறு. காய்ச்சல் பார்ப்பதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் எவ்வாறு நோயாளிக்குச் செய்யும் பணிவிடையோ, அவர் படுத்திருக்கும் வண்டி அதிராமல் ஓடும்படி பார்த்துக்கொள்வதும் அவ்வாறே பணிவிடைதான் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

பேணுவதற்கு முன் அதன் அமைப்பைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். கடைகளில் காஸ்டர் என்ற பெயரால் விற்கப்படும் இந்தச் சாதனத்தில், வண்டியின் காலுக்குள் திருகப்படும் தண்டு ஒன்றும், அதன் அடியில் இரண்டு வட்டத் தகடுகளுக்கு இடையே வரிசையாகப் பொதிந்த எஃகுக் குண்டுகளும் (பட்டறைக்காரர்கள் பால்ரஸ் என்று சொல்வது இவற்றைத்தான்), அந்தக் குண்டுகளின் மேல் நாற்புறமும் திரும்பும் கவையும், கவையின் இரு கரங்களுக்கும் குறுக்கே செல்லும் அச்சும், அச்சின்மேல் உருளும் சக்கரமும் அடங்கியிருக்கின்றன. 1876-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் ஃபிஷர் என்பவர் மரச்சாமான்களுக்குரிய காஸ்டர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பொருள்களும் பேரிங்குகளும் எவ்வளவோ மாறியிருந்தாலும், உருளுவது ஒன்று, திரும்புவது ஒன்று என்ற இரட்டைச் செயல் இன்றும் மாறவில்லை. நம் ஊர்க் கோயில் தேருக்குத் திரும்பும் சக்கரம் கிடையாது. ஆகையினால்தான் அதை வீதி முனையில் முட்டுக்கட்டை கொடுத்து, நாற்பது ஐம்பது பேர் வடம் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரெச்சரை ஒருவரே ஒரு கையால் திருப்ப முடிவதற்குக் காரணம், அதன் அச்சு தண்டுக்கு நேர் கீழே அமையாமல் சற்றே பின்னுக்கு விலகி நிற்பதுதான். அந்த விலகலினால், வண்டி எந்தத் திசையில் தள்ளப்படுகிறதோ அந்தத் திசைக்குச் சக்கரம் தானாகவே பின்னால் வந்து நேர்ப்பட்டுக்கொள்கிறது. தண்டின் அடியிலுள்ள குண்டுகள் துருப்பிடித்து இறுகினால் இந்த நேர்ப்படுதல் தாமதப்பட்டு வண்டி கோணலாகப் போகிறது. தேய்ந்து தளர்ந்துவிட்டாலோ, வேகமாகத் தள்ளும்போது சக்கரம் இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்குகிறது.

சக்கரத்துக்கு நேரும் கேடுகளில் முதலாவது, யாரும் எதிர்பாராத நூல். பல மாதங்கள் வார்டில் ஓடிய டிராலி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்துக்கும் கவைக்கும் இடையேயுள்ள இடுக்கில் விளக்கு வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்த்தால், அச்சைச் சுற்றிக் கறுத்த வளையம் ஒன்று தென்படும்; பழக்கமில்லாதவர் அதை யந்திரத்தோடு வந்த ரப்பர் வாஷர் என்றே எண்ணிவிடுவார். கொக்கியால் அதன் ஓரத்தைக் கெல்லிப் பார்த்தால் தலைமயிரும், அதன்மேல் பேண்டேஜ் துணியின் இழையும், அதன்மேல் காயத்துக்குத் தையல் போட்ட நூலின் துண்டும், இடையிடையே பிளாஸ்டரின் பசையும் படலம் படலமாகப் பிரிந்து வரும். உருளும் ஒவ்வொரு சுற்றிலும் நூல் இன்னும் இறுகுகிறது. இறுகிய நூல் பேரிங்கின் மூடியை நெருக்கி உள்ளே நுழைந்து, அங்குள்ள கிரீஸைத் திரிபோல உறிஞ்சி வெளியே கொண்டுவந்துவிடுகிறது. கிரீஸ் போன இடத்தில் தூசி சேர்கிறது. முடிவில் சக்கரம் உருளுவதை நிறுத்திவிட்டுத் தரையில் இழுபடுகிறது. இழுபடும் பக்கம் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிட்டால், பிறகு நூலை எடுத்துவிட்டாலும் அந்தச் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தடக்கென்று குதித்துக்கொண்டே இருக்கும். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு அந்த ஒவ்வொரு குதிப்பும் ஒரு வேதனை.

நூலைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் அது இன்னும் ஆழத்தில் போய் இறுகும். தையற்காரர்கள் தையல் பிரிக்கப் பயன்படுத்தும் சிறு கொக்கிக் கத்தியினால் வளையத்தை அச்சுக்கு இணையாக ஓரிடத்தில் அறுத்துவிட்டு, பிறகு இடுக்கியால் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். அந்த நூல்களில் ரத்தம் உலர்ந்திருக்கலாம், ஒடிந்த ஊசிமுனைகூட ஒளிந்திருக்கலாம் என்பதனால் கனத்த கையுறை இல்லாமல் இந்த வேலையில் யாரும் கைவைக்கலாகாது. நூல் மிக ஆழத்தில் இருந்தால் அச்சின் நட்டைக் கழற்றிச் சக்கரத்தையே வெளியே எடுத்து, வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் ஒரு துணியின்மேல் பரப்பி வைத்துச் சுத்தம் செய்வது நலம். வேலை முடிந்ததும் வண்டியின் அந்த மூலையைத் தூக்கிச் சக்கரத்தைத் தரையிலிருந்து விலக்கி, விரலால் ஒருமுறை தட்டிவிட்டால், அது சப்தமில்லாமல் பல சுற்றுகள் ஓடித் தானே மெல்ல நிற்க வேண்டும். கவையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. இந்த இரண்டு சோதனைகளுக்கும் எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அரை நிமிஷம் போதும்.

இரண்டாவது கேடு, சுத்தம் செய்வதிலிருந்தே வருகிறது என்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆஸ்பத்திரித் தரை நாளுக்குப் பல தடவை ஈரத்தால் துடைக்கப்படுகிறது. அந்த நீரில் கலந்த பிளீச்சிங் பவுடரின் குளோரின் கிருமியைக் கொல்வதோடு இரும்பையும் அரிக்கிறது. குரோமியப் பூச்சுப் பூசிய கவை வெளியே பளபளத்துக்கொண்டிருக்கும்போதே பூச்சின் நுண்ணிய வெடிப்புகளுக்குள்ளே துரு பிடித்துவிடும்; துருவேறாத எஃகு என்று பெயர் பெற்றதில்கூட, குளோரின் கரைசல் உலர்ந்து உலர்ந்து படிந்தால் சிறு குழிகள் விழும். அதற்காகக் கிருமிநாசினியைக் கைவிட முடியாது. குறிப்பிட்ட நேரம் அது படிந்திருந்த பிறகு நல்ல நீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, உலர்ந்த துணியால் மறுமுறை துடைத்துவிடுவதே போதுமானது. குழாயைப் பீய்ச்சியடித்து டிராலிகளைக் கழுவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த வேகத்தில் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸை அடித்துக்கொண்டு போய்விடுவதால் அதை விட்டொழிப்பது நல்லது.

கிறீச்சிடும் சக்கரத்துக்குக் கையில் கிடைத்த தேங்காயெண்ணெயை ஊற்றும் பழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்யப்படுகிற இந்த உபசாரம் அன்றைக்குச் சப்தத்தை அடக்கிவிடுகிறது என்பது மெய்யே. ஆனால் தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும் இயல்புடையது என்பதால், குளிரூட்டப்பட்ட தியேட்டருக்குள் நுழைந்ததும் அது பேரிங்குக்குள்ளேயே கெட்டிப்படுகிறது. நாளடைவில் சிக்குப்பிடித்து, காற்றிலுள்ள பஞ்சுத் தூசியையெல்லாம் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. மெல்லிய ஸ்பிரே எண்ணெய்களும் இறுகிய துருவை இளக்க உதவுமேயன்றி, கிரீஸின் ஸ்தானத்தை வகிக்கமாட்டா. உள்ளேயிருக்கும் நல்ல கிரீஸையும் கரைத்து வழியவிட்டுவிடும். முறையானது, பழைய கிரீஸைத் துடைத்தெடுத்துவிட்டு, நீரில் கரையாத பேரிங் கிரீஸைச் சிறிதளவு, அச்சுக்கும் தண்டின் அடியிலுள்ள குண்டுகளுக்கும் மட்டுமே வைப்பது. இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பி மிருதுவாகிவிடுமாதலால், சக்கரத்தின் ஓரத்தில் வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும். முழுக்க மூடி முத்திரையிட்ட பேரிங்குக்கு ஆயுள் முடிய கிரீஸே தேவையில்லை.

இதைவிடக் கடுமையான எச்சரிக்கை ஒன்றுண்டு. ஆக்ஸிஜன் சிலிண்டர் வண்டியின் சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்த கையோடு சிலிண்டரின் வால்வைத் தொடவே கூடாது. மிகுந்த அழுத்தத்தில் வெளிப்படும் ஆக்ஸிஜன் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் தீப்பொறியின்றியே பற்றிக்கொள்ளக்கூடும். சிலிண்டரை இறக்கி அப்புறப்படுத்திய பிறகே அந்த வண்டியின் சக்கரத்தைப் பழுதுபார்ப்பதும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின்பே சிலிண்டரை மறுபடி ஏற்றுவதும் கட்டாயமான விதிகள்.

சக்கரத்தின் பருமனும் அலட்சியம் செய்யத்தக்க விஷயமல்ல. லிஃப்டின் வாசலிலும் அறைகளின் நிலைப்படியிலும் சிறு விளிம்புகள் இருப்பது சகஜம். 12 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு விளிம்பின்மேல் ஏறுவதற்கு, 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு வேண்டியிருக்கும் விசை, 200 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு வேண்டியதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு என்று கணிதம் காட்டுகிறது. வித்தியாசம் முழுவதையும் சுமப்பது தள்ளுகிறவருடைய முதுகு. பாரத்தைக் கணக்கிடும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சமமில்லாத தரையில் நான்கு கால்களில் ஒன்று அந்தரத்தில் நின்றுவிடுவது இயல்பாகையால், மொத்த எடையை நான்கால் அல்ல, மூன்றால் வகுத்துத்தான் ஒரு சக்கரம் தாங்க வேண்டிய பாரத்தைத் தீர்மானிக்கிறார்கள். வண்டியும் நோயாளியும் மற்றவையும் சேர்ந்து 240 கிலோ என்றால், ஒவ்வொரு சக்கரமும் 60 அன்று, 80 கிலோ தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். சக்கரத்தைப் போர்த்தியுள்ள பாலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருளிலும் இரு வகை உண்டு. அவற்றில் பாலியெஸ்டர் வகை, வெப்பமும் ஈரமும் மிகுந்த சீதோஷ்ணத்தில் சில ஆண்டுகளில் உளுத்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். பாலியீதர் வகை ஈரத்தை நன்றாகத் தாங்கும். நம் கடற்கரைப் பட்டணங்களிலுள்ள ஆஸ்பத்திரிகள் சக்கரம் வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாங்கினால், வருங்காலத்தில் எவ்வளவோ செலவு மிச்சமாகும்.

இனி, பிரேக். ஓடுவதற்காக உண்டாக்கப்பட்ட சக்கரத்தின் மிகப் பொறுப்பான காரியம் ஓடாமல் நிற்பதேயாகும். ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு நோயாளியை மாற்றும்போது இரண்டையும் ஒட்டினாற்போல நிறுத்தி, விரிப்போடு சேர்த்து அவரை நகர்த்துகிறார்கள். அந்தச் சமயத்தில் இரண்டில் ஏதேனும் ஒன்றின் பிரேக் பிடிக்காவிட்டால், நடுவே இடைவெளி விரிந்து அவர் தரையில் விழும் அபாயம் நேருகிறது. சக்கரம் உருளாமல் தடுத்தால் மட்டும் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். முன்னே சொன்ன அச்சின் விலகலினால், சக்கரம் உருளாமல் நின்றாலும் கவை தண்டைச் சுற்றித் திரும்பும்வரையில் கட்டில் சில விரற்கடை நகர்ந்துவிடும். ஆதலால் உருளுவதையும் திரும்புவதையும் ஒருசேரப் பூட்டும் பிரேக்கே நோயாளியைத் தாங்கும் வண்டிக்கு உகந்தது. நல்ல கட்டில்களில் ஒரே மிதியினால் நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொள்ளும். அதே மிதியை நடுவில் நிறுத்தினால் எல்லாச் சக்கரங்களும் சுதந்தரமாகத் திரும்பும். மறுபுறம் மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் திரும்பாமல் நேராக நிலைபெற்று, நீண்ட தாழ்வாரத்தில் ஒருவரே கோணாமல் தள்ளிச் செல்ல வகை செய்யும். இந்த மூன்றாம் நிலையைப் பற்றிப் புதிதாக வேலைக்கு வரும் சிப்பந்திக்கு எவரேனும் ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தால், சாய்வுப் பாதையில் ஸ்ட்ரெச்சரோடு மல்லாடும் சிரமம் பாதி குறைந்துவிடும்.

பிரேக்கைச் சோதிப்பது எளிது: நான்கையும் மிதித்துப் பூட்டிவிட்டு வண்டியை இடுப்பால் அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டும். சக்கரம் அசைந்தால், பிரேக்கின் பட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது சக்கரமே தேய்ந்து பட்டைக்கு எட்டாமல் போயிருக்கிறது. காற்றடைத்த டயருள்ள சக்கர நாற்காலியில் இன்னொரு விதமான ஏமாற்றம் உண்டு. அங்கே நெம்புகோல் டயரின்மேல் அழுந்தியே பிரேக் பிடிக்கிறதாகையால், காற்று இறங்கிய நாற்காலியில் கைப்பிடியை எவ்வளவு முறையாகப் பூட்டினாலும் அது பூட்டாததுதான். எழுந்திருக்கக் கையூன்றும் முதியவர் அதை நம்பியே ஊன்றுகிறார்.

ஆபரேஷன் தியேட்டரின் சக்கரங்களுக்கு ஒரு தனிச் சரித்திரமே இருக்கிறது. 1846-இல் உலகுக்கு அறிமுகமான ஈதரும், பிற்பாடு வந்த சைக்ளோபுரோபேனும் எளிதில் தீப்பிடிக்கும் மயக்க மருந்துகள். ஈதரின் ஆவி காற்றைவிடக் கனமாதலால் தரையோரமாகவே வந்து தங்கும். உலர்ந்த ரப்பர்ச் சக்கரத்தின்மேல் உருண்ட டிராலியில் சேரும் நிலைமின்சாரத்திலிருந்து ஒரு சிறு பொறி கிளம்பினால் அறையே வெடிக்கும் நிலைமை அக்காலத்தில் இருந்தது. அதன் பொருட்டே, மின்சாரத்தைத் தரைக்குக் கடத்திவிடும் கரி கலந்த ரப்பர்ச் சக்கரங்களையும், அவ்விதமே கடத்தும் தரைகளையும் அமைத்தார்கள். தீப்பிடிக்காத ஹாலோதேன் 1956-இல் இங்கிலாந்தில் உபயோகத்துக்கு வந்தபின் அந்தப் பயம் படிப்படியாக அகன்றது. ஆயினும், நுண்ணிய மின்கருவிகளை நிலைமின்சாரத்திலிருந்து காப்பாற்ற இன்றும் அத்தகைய சக்கரங்கள் வேண்டப்படுகின்றன. அவற்றின்மேல் தரை மெழுகும் பசையும் படலமாகப் படிந்துவிட்டால் கடத்தும் குணம் போய்விடுமாகையால், மற்றவற்றைவிட இவற்றை அடிக்கடி துடைக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அறைக்கென்று காந்தம் கவராத உலோகத்தால் செய்த டிராலியின் கதையும் இதைப் போன்றதே. அதன் சக்கரம் ஒன்று உடைந்ததென்று கடையில் கிடைத்த சாதாரண எஃகுக் காஸ்டரைப் பொருத்திவிட்டால், எந்நேரமும் சக்தியோடு இயங்கும் அந்தப் பெருங்காந்தத்தின் முன்னிலையில் டிராலி உயிருக்கே அபாயமாகிவிடும்.

சப்தத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் வெளியிட்ட செவிலியம் பற்றிய நூலில் ஓர் அத்தியாயத்தையே ஓசைக்கென ஒதுக்கினார். உலக சுகாதார ஸ்தாபனம் 1999-இல் வகுத்த வழிகாட்டியின்படி இரவில் வார்டின் சப்தம் சராசரி 30 டெசிபலையும், திடீர் ஓசை 40 டெசிபலையும் தாண்டலாகாது. நள்ளிரவில் தாழ்வாரத்தைக் கடக்கும் ஒரு தட்டைச் சக்கர டிராலி அந்த எல்லையை வெகு சுலபமாக மீறி, வலிமருந்தின் உதவியால் அப்போதுதான் கண்ணயர்ந்தவர்களை ஒருசேர எழுப்பிவிடுகிறது.

குளுக்கோஸ் ஸ்டாண்டுக்கு ஐந்து கால் வைப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே நீளமுள்ள கால்களை வைத்துப் பார்த்தால், நான்கு கால்களில் நிற்கும் ஸ்டாண்டு கவிழும் விளிம்பு, நடுத்தண்டிலிருந்து கால் நீளத்தில் பத்தில் ஏழு பங்கு தூரத்தில் இருக்கும்; ஐந்து கால்களில் அது பத்தில் எட்டுப் பங்காக விலகுகிறது. உயரத்தில் பாட்டிலும் பம்பும் தொங்கும் கம்பிக்கு இந்த ஒரு பங்கு அதிகம் மிகவும் முக்கியமானது. ஐந்தில் ஒரு சக்கரம் கழன்று விழுந்த ஸ்டாண்டை நான்கு போதுமே என்று ஓட்டுவது ஆகாது. மிஞ்சிய நான்கும் சதுரமாக நில்லாமல் ஒரு புறம் வெறுமையாக நிற்பதால், அந்தப் பக்கம் சாய்ந்தால் தடுப்பதற்கு ஒன்றுமே இல்லை.

சக்கரம் மாற்றுவதில் சில ஜாக்கிரதைகள் வேண்டும். ஒன்று மட்டும் புதிதாகவும் மற்றவை தேய்ந்தவையாகவும் இருந்தால் வண்டி ஆடும். ஜோடியாகவோ, கூடுமானால் முழுத் தொகுதியாகவோ மாற்றுவது உத்தமம். தண்டின் மறைத் திருகு அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுமாகையால், கழற்றிய பழையதைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்க வேண்டும். சற்றே பொருந்தாத தண்டை முறுக்கி ஏற்றினால், அது அன்றைக்குப் பிடித்திருந்து, நிலைப்படியில் வண்டியைத் தூக்கும் வேளையில் கழன்று விழும். திருகு தளராமல் பிடிக்கும் ஸ்பிரிங் வாஷரைப் பழையதையே போடாமல் புதிதாகப் போடுவது நல்லது.

நிர்வாகிகளிடம் நான் வேண்டுவதெல்லாம், மானிட்டருக்கும் வென்டிலேட்டருக்கும் இருப்பதுபோல ஒவ்வொரு ஸ்ட்ரெச்சருக்கும் கட்டிலுக்கும் ஓர் எண் கொடுத்து, பராமரிப்புப் பதிவேட்டில் அதற்கொரு பக்கம் ஒதுக்கி, சக்கரத்துக்குப் பொறுப்பாக ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும் என்பதே. வாரம் ஒருமுறை சுழற்றிப் பார்த்தல், பிரேக் சோதனை. மாதம் ஒருமுறை நூல் அகற்றுதல், நட்டு இறுக்குதல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் என்ற அளவில் தொடங்கி, அனுபவத்துக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். தள்ளும்போது இழுக்கிறது, ஆடுகிறது, சப்தமிடுகிறது என்று முதலில் உணர்பவர் ஸ்ட்ரெச்சர் தள்ளும் சிப்பந்திதான். அவர் எவரையும் கேட்காமல் கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி அந்த வண்டியை ஒதுக்கி நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும், பழுது தீர்ந்து பொறுப்பாளர் கையெழுத்திட்ட பிறகே அந்த நாடா அவிழ்க்கப்பட வேண்டும்.